என் மாமியாரின் கண்டக்டர் விசில்

போன வாரம், குத்தம்பாக்கம் புது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, கைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினேன். அதுவரை தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். என்னோடு கம்பெனியில் வேலை செய்கிற பெண்ணின் அப்பாவுக்கு இடம் பார்க்கத்தான் நாங்கள் போயிருந்தோம். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, மானத்த வாங்காதக்கா" என்றாள். நான் அவளையும் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்தேன். எத்தனை இல்லங்களில் ஊதினாலும் அந்த விசிலுக்குப் பிறகு வருகிற ஒரு நொடி எனக்குப் பழகவில்லை.

பித்தளை விசில் அது. மேல்பூச்சு எப்போதோ போய்விட்டது. வாய் வைக்கிற இடத்தில் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருக்கிறது. என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் கல்யாணமாகி மேனாம்பேட்டு வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். அவர் விட்டுப்போனவற்றில் என் மாமியார் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தது இந்த விசிலை மட்டும்தான். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் போக வேண்டும். இது பஸ்ஸில் போன எல்லோருக்கும் தெரியும். என் மாமியார் அந்தச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். ஒரு விசில் என்றால் 'வா'. இரண்டு விசில் என்றால் 'போ'. சமையலறையில் கை வேலையாக இருக்கும்போது ஒரு விசில் கேட்கும். போய் நின்றால் மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வாள். "இதுக்கா கூப்ட்டீங்க?" என்று நான் ஆரம்பிப்பேன். பேச்சு முடிவதற்குள் முகத்துக்கு நேராக இரண்டு விசில் வரும்.

எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் கிடையாது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நான் வைத்த குழம்பை அவள் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. என் குழம்பை மட்டுமல்ல, எதையுமே சொன்னதில்லை. கடவுளே வந்து காபி போட்டுக் கொடுத்தாலும் "சக்கர பத்தல" என்பாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசிப் பழகிய தொண்டை எனக்கு. அக்கம்பக்கத்தில் எங்களைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்கிறோம் என்று கிண்டல் செய்வார்கள். காலைச் சண்டை தொடங்கினால் கம்பெனி பஸ் வருகிற நேரம். ஆனால் ஒன்று, அவள் குரல் எந்த அறையிலிருந்து வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்பதை வைத்தே உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். திட்டு குறைந்தால் அன்றைக்குக் காய்ச்சல்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு எல்லாம் மாறியது. ஆபரேஷன் செய்தும் அவளால் நடக்க முடியவில்லை. எங்கள் வீடு மாடியில் இரண்டே அறை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம், நிற்கவில்லை. மாமியாரின் வாய்க்கு யாரும் நிற்க மாட்டார்கள். திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும், பகலில் ஒருவரும் இல்லை. முதுகின் கீழே புண் வரத் தொடங்கியது. ஒருநாள் அவளே விசில் ஊதி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "நைனா, என்ன எங்கனா நல்ல எடமா பாத்து உடு. இவளுக்கும் இடுப்பு போயிடப் போவுது" என்றாள். என்னைப் பார்த்து, "நீதான் கம்பெனில இது தேறும் இது தேறாதுன்னு தள்றவளாச்சே. நீயே போய் பாரு" என்றாள். உறவுக்காரர்கள் நான்தான் மாமியாரைத் துரத்திவிட்டேன் என்று பேசினார்கள். பேசட்டும். பேசியவர்களில் ஒருவர்கூட ஒருநாள் வந்து அவளைத் திருப்பிப் படுக்க வைத்ததில்லை.

நான் வண்டிகளின் பிரேக்குக்குப் போகிற இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தள்ளுகிற வேலை செய்கிறேன். அதே கண்ணோடுதான் இல்லங்களைப் பார்க்கப் போனேன். பூந்தமல்லி பக்கம் ஒன்று அமைந்தது. போனில் நேரம் வாங்கிக்கொண்டு போனேன். தரையில் முகம் தெரிந்தது. மின்விசிறி இறக்கையின் மேல் விரலால் தேய்த்துப் பார்த்தேன், தூசி இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் அழைப்பு மணி இருந்தது, அழுத்தினால் அடித்தது. சமையலறை, கழிப்பறை, மருந்து அலமாரி எதிலும் குறை இல்லை. அதை நடத்திய மேடம் மெதுவாக, அழகாகப் பேசினார். எல்லாவற்றையும்விட என்னைக் கவிழ்த்தது அங்கே இருந்த அமைதிதான். இருபது முப்பது பேர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமில்லை. நாள் முழுவதும் பிரஸ் மெஷின் இடி கேட்கிறவளுக்கு அது சொர்க்கம் மாதிரி இருந்தது. இங்கே வந்தால் மாமியாரின் வாயும் கொஞ்சம் அடங்கும் என்று ஒரு நப்பாசை வேறு. வீட்டுக்கு வந்து, "அத்தே, நானே போய் இருந்துக்கலாம்னு தோணுது, அப்டி கீது" என்றேன். "அப்ப நீ போ, நான் இங்கயே கீறேன்" என்றாள். ஆனால் வந்தாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வந்தாள்.

பார்க்க விடுவது ஞாயிறு மாலைகளில் மட்டும். அதுவும் போன் செய்துவிட்டு. முதல் ஞாயிறு போனபோது முகத்துக்குப் பவுடர் போட்டு, தலை பின்னி உட்கார வைத்திருந்தார்கள். "எப்டி கீறீங்க அத்தே?" என்றேன். "நல்லா கீறேன்" என்றாள். சாப்பாடு எப்படி என்றேன். "நல்லா கீது" என்றாள். காபி? "நல்லா கீது." என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். "யோவ், உங்கம்மா காபிய நல்லாருக்குன்னு சொல்லிச்சி, கேட்டியா?" என்றேன். "நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்லாம?" என்றார். அவருக்குப் புரியவில்லை. அவர் அவள் பெற்ற பிள்ளைதான், ஆனால் அவளோடு தினமும் சண்டை போட்டவள் நான்.

அடுத்த சில நாளில் கம்பெனியில் கரண்ட் பிரச்சினை. பெரிய மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்தச் சத்தம் நின்றதும் எங்கள் ஃபோர்மேன் காலை டிபன் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். மெஷின் கத்தினால் திரும்பிப் பார்க்க மாட்டார், சத்தம் நின்றால் ஓடி வருவார். எச்சில் கையோடு அவர் ஓடியதைப் பார்த்தபோது என் மண்டையில் யாரோ தட்டியது மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்க்கிறேன், சத்தம் இல்லாத ஷெட்டில் வேலை நடக்கவில்லை என்று தெரியாதா எனக்கு? அந்த இல்லத்தின் அமைதி காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டேன் என்றார். "ஞாயித்துக்கெழம வாம்மா." "ஏன், மத்த நாள்ல எங்க அத்தை உயிரோட இருக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். நான் கேட்ட தொனியில் தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் பாவம், திறந்துவிட்டார். உள்ளே போனேன். நல்ல உச்சி வேளை. கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே. தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டு, வாயோரம் எச்சில் வடிய. இடுப்பைச் சுற்றிப் பழைய துப்பட்டாக்களை மடித்து நாற்காலிக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். டிவி ஓடியது, சத்தமில்லாமல். என் மாமியார் மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். கழுத்தில் விசில் இல்லை. கன்னத்தைத் தட்டினேன். கண் பாதி திறந்தது. நாக்கு புரளவில்லை. "வெசில... புடுங்கிகினாங்கடி" என்றாள். அவ்வளவுதான், தலை மறுபடி தொங்கிவிட்டது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியாது. மேடம் ஓடி வந்தார். அப்போதும் மெதுவாகத்தான் பேசினார். "உங்க மதர் இன் லா ரொம்ப டிஸ்டர்ப் பண்றாங்கம்மா. எப்பப் பாத்தாலும் விசில். மத்தவங்க பாவம் இல்லையா? ஒரு சின்ன மாத்திரை கொடுக்கறோம். தூங்கினா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி." ஏதாவது வேண்டுமென்றால் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றேன். "மணி இருக்கே" என்றார். இருந்தது. கட்டில் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. நான் நின்றுகொண்டு அழுத்திப் பார்த்தேன், அடித்தது. நாற்காலியில் கட்டிப்போட்டவளின் கை அதுவரை எப்படி நீளும்? "விசில் எங்க?" என்றேன். மேசை இழுப்பறையைத் திறந்தார். விசில் மட்டும் இல்லை அதில். போன்கள் இருந்தன. ஒரு மவுத் ஆர்கன் இருந்தது. ஒரு ஜால்ரா இருந்தது. காது கேட்கும் மிஷின்கள் நாலைந்து கிடந்தன. சத்தம் போடுகிறவை, சத்தம் கேட்க வைக்கிறவை எல்லாவற்றையும் பிடுங்கி உள்ளே போட்டிருந்தார்கள்.

இழுப்பறையை அப்படியே உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். எது யாருடையது என்று அங்கே வேலை செய்கிற பெண்களைக் கேட்டேன். ஒருத்தி முன்னால் வந்தாள். அவளும் நானுமாகச் சேர்ந்து யார் யாருடையதோ அதை அவரவர் மடியில் வைத்தோம். முடிச்சுகளை அவிழ்த்தோம். மேடம் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்டு, நானும் அவங்களத்தான் கூப்டப் போறேன்" என்றேன். அதற்குள், நான் போனில் கத்தியதைக் கேட்டு என் வீட்டுக்காரர் நண்பர் ஒருவரின் ஆம்னி வேனோடு வந்துவிட்டார். அம்மாவைப் பார்த்ததும் அந்த மனுஷன் அழ ஆரம்பித்தார். "அழுதுகினு நிக்காத, தூக்கு" என்று கத்தினேன். பின் சீட்டில் தலையணை வைத்து, பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தோம். கழுத்தில் விசிலை மாட்டினேன். வேன் கேட்டைத் தாண்டும்போது அவள் கை தடவித் தடவி விசிலைப் பிடித்தது. வாயில் வைத்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் கீச்சென்று ஒன்று. மறுபடி ஒன்று. இரண்டு விசில். வேன் ஓட்டிய நண்பர், "ரைட்டு பெரிம்மா!" என்று கத்திவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த இல்லத்தின் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த மற்றவர்களின் பிள்ளைகள் யார் யார் என்று தேடிப் பிடித்துச் சொன்னேன். சிலர் வந்து அழைத்துப் போனார்கள். சிலர், "அம்மா இப்ப அமைதியா இருக்காங்க, அதக் கெடுக்காதீங்க" என்றார்கள். விசாரிக்க வந்தவர் முதல் நாளே போன் செய்துவிட்டு வந்தாராம். எங்கள் கம்பெனியில் ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாள் தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம், தள்ளிய சரக்கைத் தார்ப்பாயால் மூடுவோம். அவர் பார்த்தது அந்த மஞ்சள் கோட்டைத்தான். நான் முதலில் போனபோது பார்த்ததும் அதைத்தான்.

அடுத்த இடத்தைத் தானே பார்ப்பதாக மாமியார் அடம் பிடித்தாள். ஆவடி சேக்காட்டில், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் தன் வீட்டையே இல்லமாக நடத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்பார்கள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் பூச்சு உரிந்திருந்தது. நடையில் கொடி கட்டி துணி காய்ந்தது. மூலையில் தண்ணீர் வாளி. தரையில் விரிசல். என் கண்ணுக்கு எல்லாமே தள்ளுகிற சரக்கு. அதோடு ஒரே கூச்சல். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் உள்ளேயிருந்து, "ரெண்டு பேருக்கும் கெடையாது, நான் உக்காரப் போறேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். குனிந்து, "அத்தே, இது வேணாம், போலாம்" என்றேன். மாமியார் விசிலை எடுத்து வாயில் வைத்து ஒன்று ஊதினாள்.

அந்தக் கூடம் முழுக்கத் திரும்பியது. "எவ அவ, புதுசா வந்து ஊதறது?" என்று ஒரு குரல். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இன்னாம்மா, டிக்கெட் எடுக்கணுமா? பாஸ் கீது எங்கிட்ட" என்றார். சமையலறையிலிருந்து ஆயா கையில் கரண்டியோடு ஓடி வந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது. என் மாமியார் சாம்பாரைப் பார்த்தாள், ஆயாவைப் பார்த்தாள். "என்ன இங்கயே உட்டுடு" என்றாள். "அத்தே, தரையெல்லாம் வெடிச்சிகினு கீது." "படுத்துகினு கெடக்கறவ தரையவா பாக்கப் போறேன்? போடி." எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், கூப்பிட்டால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். அதற்கு மேல் இந்த விஷயத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று இப்போது நினைக்கிறேன். கூப்பிட்டால் ஓடி வருகிறவள், மணிக்கொரு தரம் திருப்பியும் படுக்க வைப்பாள். புண்ணையும் துடைப்பாள்.

அப்படித்தான் நடந்தது. புண் ஆறியது. நான் நினைத்த நேரத்தில் போவேன். ஒரு தடவைகூட ஏன் வந்தாய் என்று சிஸ்டர் கேட்டதில்லை. "வந்தது வந்துட்ட, இந்தக் காலப் புடி" என்று வேலை கொடுப்பார். சாம்பாரில் உப்பில்லை என்று மாமியார் ஆயாவைத் திட்டுவாள், ஆயா பதிலுக்குத் திட்டிக்கொண்டே ஊட்டிவிடுவாள். தையல் கடை அம்மாவுக்கும் இவளுக்கும் டிவி ரிமோட்டுக்காகத் தினமும் போர். இரண்டு விசில் ஊதி அவரை எழுந்து போகச் சொல்வாள். அவர், "எனக்கு ஸ்டேஜ் இன்னும் வரல கண்டக்டரம்மா" என்று அங்கேயே உட்கார்ந்திருப்பார். முதன்முதலாக அவள் என்னிடம், "இவ காபி ஒன்னோடத விட மட்டம்" என்று சொன்ன நாளில் எனக்கு அவார்டு வாங்கிய மாதிரி இருந்தது. கடைசியாகப் பார்த்த அன்றும் சண்டைதான். கம்பளி கொண்டுவர மறந்ததற்குத் திட்டினாள். நானும் திட்டினேன். வேலைக்கு நேரமாகிறது என்று நினைவுபடுத்துவது போல இரண்டு விசில் ஊதினாள், வந்துவிட்டேன். இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். தையல் கடை அம்மாதான் விசிலை என் கையில் வைத்தார். "ஊதி ஊதி என் காத கெடுத்தா. இப்ப எவ்ளோ அமைதியா கீது பாரு. எனக்குப் புடிக்கலம்மா" என்றார்.

அதிலிருந்து எஸ்டேட்டில் யாருக்கு இல்லம் பார்க்க வேண்டும் என்றாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். சொல்லாமல் போவேன். உச்சி வேளையில் போவேன். கேட்டில் சண்டை போடுவேன். மஞ்சள் கோட்டைப் பார்க்க மாட்டேன். நடுக்கூடத்தில் நின்று ஒரு விசில். சில இடங்களில் ஒரு தலைகூட நிமிராது, மேனேஜர் மட்டும் என்னை நோக்கி ஓடி வருவார். அங்கேயே திரும்பிவிடுவேன். வாசலில் நின்று நான் பேசுகிற பேச்சு அந்தத் தெருவுக்கே கேட்கும்.

போன வாரமும் ஊதிவிட்டு அந்த நொடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். தரை பளபளப்பு, வாசலில் பூந்தொட்டி, எனக்கு நம்பிக்கையே இல்லை. அப்போது ஒரு வெள்ளைச் சேலை அம்மா, "யாருடா அது, சீரியல் ஓடுது இல்ல?" என்று சீறினார். இரண்டு மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. மாவு அப்பிய கையோடு ஒரு பெண் உள்ளேயிருந்து ஓடி வந்து என்னைத் தாண்டிக்கொண்டு நாற்காலிகளுக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், காலில் கட்டோடு, கையைத் தூக்கினார். "யம்மா கண்டக்டரு, ஸ்டாப்பே வரல, எதுக்கு விசிலு?" என்றார். கூடமே சிரித்தது. நான் என் தோழியிடம், "அப்பாவ இங்க சேரு. நடுவுல நான் சொல்லாம வந்து பாப்பேன், அதையும் சொல்லிடு மேனேஜர்கிட்ட" என்றேன். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வேணா வாங்க மேடம். ஊதறதுக்கு முன்னாடி மட்டும் சொல்லுங்க, எனக்கு பிபி இருக்கு" என்றார்.

கிளம்பும்போது அந்தப் பெரியவரின் பக்கத்தில் போனேன். விசிலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பல் பட்ட பள்ளத்தை விரலால் தடவினார். "பழைய சரக்கு. யாருது?" என்றார். "எங்க அத்தையோடது." "அவங்க எங்க?" "எறங்கிட்டாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விசிலை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "அப்ப ஏன் நிக்க வெச்சிகினு கீற? ரெண்டு ஊது, வண்டி போவட்டும்" என்றார்.

ஊதினேன்.